தட்சிணமேருவில் அறுந்த கயிறு

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர் வட்டாரத்தில் சரித்திர நாவல் எழுதி, சொந்தக் காசு போட்டு அச்சடிக்கும் நண்பர்களுக்கு,

புத்தகக் கண்காட்சி முடிந்த அன்று ராத்திரி டீக்கடை பெஞ்சில் உங்களில் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தீர்கள். "அடுத்தது சோழர் கதை இல்லை சார். மலையேற்றம். எவரெஸ்ட். 1924இல் மாலரியும் இர்வினும் மேகத்துக்குள் போய்த் திரும்பாத கதை" என்றார் ஒருவர். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "தஞ்சாவூர்ல மலைக்கு எங்க சார் போறது? இங்கேருந்து கிளம்பினா வல்லத்து மேடுதான்" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் எழுந்து போய்விட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நில அளவைத் துறையில் ஆயுசுக்கும் வயலளந்து ஓய்வு பெற்றவன். செயின் பிடித்த காலத்து ஆள். எழுதியது ஒரே ஒரு நாவல். அதில் பாதிக்கு மேல் இன்னமும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஆகவே வெற்றி பெற்றவனின் அறிவுரையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எவரெஸ்ட் கதைக்குத் தஞ்சாவூரில் ஒரு அத்தியாயம் இருக்கிறது. அந்த அத்தியாயத்தை உங்களைத் தவிர வேறு யாரும் உள்ளூர்க் கண்ணோடு எழுத முடியாது. 1808. வில்லியம் லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் பட்டாளத்து அதிகாரி தென்னிந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு வருகிறார். ஆறு வருஷம் முன்னால், 1802 ஏப்ரல் 10 அன்று, சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளக்கத் தொடங்கியவர். ஏழரை மைல் நீளத்தை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்து முடிக்க 57 நாள் ஆனது. வெயிலில் இரும்பு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிக்குள் கிடத்தி, மேலே நிழலுக்குக் கூடாரம் போட்டு, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துக் கணக்கில் திருத்தம் போட்டார்கள். அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. சீனச் சக்கரவர்த்திக்கு அன்பளிப்பாகப் போன சாமான்களோடு போய், அங்கே வேண்டாமென்று தள்ளப்பட்டு, கல்கத்தா வழியாக இவர் கைக்கு வந்தது. அளக்கும் கருவி தியோடலைட் அதைவிட அலைந்தது. லண்டன் கேரி பட்டறையில் செய்தது, 36 அங்குல வட்டம், எடை அரை டன். வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியசில் இறக்கிவிட்டார்கள். பிறகு என்ன என்று அறிந்து, மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பி வைத்தார்கள். நாவலாசிரியருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மலைநாட்டில் அளப்பது ஒரு விதத்தில் சுலபம். ஒரு குன்றின் உச்சியிலிருந்து அடுத்த குன்றைப் பார்த்தால் போதும். நம் ஊருக்கு வந்ததும் லாம்ப்டனுக்குத் திண்டாட்டம். வயல், வாய்க்கால், தென்னை, பனை, மூங்கில் கொல்லை. நாலு வயலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே தெரியாது. இதை அளவைக்காரனாக நானும் அனுபவித்திருக்கிறேன். ஒரு வேலி நிலத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிக் கல்லைப் பார்க்க முடியாமல், தென்னை மரத்தில் ஆளை ஏற்றித் துண்டை ஆட்டச் சொன்ன நாட்கள் உண்டு. லாம்ப்டன் கண்ட வழி கோபுரங்கள். டெல்டாவில் கோபுரம்தானே மலை! தஞ்சாவூரில் பெரிய கோயில் விமானத்தைத் தேர்ந்தெடுத்தார்.

216 அடி உயரம். அரை டன் கருவியைக் கயிறும் கப்பியும் போட்டு மேலே ஏற்றுகிறார்கள். சுவரில் இடித்துவிடாமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி விமானத்தின் மேல் போய் மோதியது. பித்தளை வட்டம் கோணிக்கொண்டது. கோணத்தை நுணுக்கி நுணுக்கிப் படிக்க வேண்டிய வட்டம் அது. வேறொருவராக இருந்தால் சீமைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். லாம்ப்டன் வட்டத்தின் சரியான அளவுக்கு ஒரு தட்டையான வட்டம் வெட்டச் செய்தார். ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, கோணிய விளிம்பை அந்த அளவுக்கு இழுத்து நிமிர்த்தினார். வளைந்த ஆரங்களைச் சிறு மரச்சுத்தியால் தட்டித் தட்டிச் சரிசெய்தார். ஆறு வாரம் ஆனது. அதே கருவியோடு வேலை மேலே போயிற்று.

லாம்ப்டன் 1823இல் ஹிங்கன்காட்டில், கூடாரத்து வாழ்க்கையிலேயே இறந்தார். அவரிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் வேலையை இமயம் வரை கொண்டுபோனார். அவருக்குப் பின் வந்த ஆண்ட்ரூ வாவின் காலத்தில்தான் 'பதினைந்தாம் சிகரம்' அளக்கப்பட்டது. நேபாளம் உள்ளே விடவில்லை. அதனால் அடிவாரச் சமவெளியில், காய்ச்சல் பிடுங்கும் தராய்க் காட்டோரத்தில், 100 மைலுக்கும் மேல் தள்ளி நின்று சிகரத்தின் கோணத்தை எடுத்தார்கள். பார்வைக்கு உயரம் வேண்டுமென்று அங்கே கோபுரங்களைக் கட்டியே எழுப்ப வேண்டியிருந்தது. நம் ஊரில் ராஜாக்கள் கட்டிவைத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ராதாநாத் சிக்தார் என்ற வங்காளிக் கணக்கர் 1852இல் கணக்குப் போட்டு முடித்தார். 1856இல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். ஒன்பது மீட்டர்தான் வித்தியாசம். உலகத்தின் உயரமான மலையை முதலில் அளந்தது ஏறினவன் இல்லை, வயல்வெளியில் நின்றவன். டீக்கடைக்காரருக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான்.

மலை இல்லாத ஊர்க்காரனுக்கு மலைமேல் இருக்கும் ஏக்கம் நமக்குப் புதிதும் இல்லை. சுவாமிமலைக்குப் போனால் அறுபது படி ஏறுகிறோம், தமிழ் வருஷத்துக்கு ஒன்றாக. அது கட்டுமலை, முருகனுக்கு மலை வேண்டும், ஊரில் மலை இல்லை, ஆகவே கட்டினார்கள். கோச்செங்கட் சோழன் பெயரில் சொல்லப்படும் மாடக்கோயில்களும் அந்த ஜாதிதான். ராஜராஜன் ஒரு படி மேலே போய், தன் விமானத்துக்குத் தட்சிணமேரு என்றே பெயர் வைத்தான். தெற்கத்தி மேருவில் ஏறப் பார்த்த கருவிதான், வடக்கத்தி மேருவை அளந்த வேலையின் முதல் கருவி. இந்த ஒரு பொருத்தத்தை வைத்துக்கொண்டே முந்நூறு பக்கம் எழுதலாம். ஆனால் இதைப் பொருத்தமாகவே விட்டுவிடுங்கள். "விதி" என்றோ "ராஜராஜன் கோபம்" என்றோ நாவலில் எழுதினீர்களானால் நான் வாங்க மாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் யார்?

அளவைப் பதிவுகளில் லாம்ப்டனின் பெயர் இருக்கிறது, உதவியாளர்களின் பெயர் இருக்கிறது. கயிறு இழுத்தவர்கள் 'கலாசிகள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போய்விட்டார்கள். அதே கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டைப் படியுங்கள். கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகள், ஒவ்வொருத்தி பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்பதும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும், ஆளுக்கு நூறு கலம் நெல் என்பதும் இருக்கிறது. கட்டிய தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. நாவிதருக்குக்கூடப் 'பெருநாவிசன்' என்ற பட்டத்தோடு இடம் இருக்கிறது. ராஜராஜன் கல்லில் நாவிதருக்கு இருந்த இடம் 1808ஆம் ஆண்டுக் காகிதத்தில் கயிறு இழுத்தவனுக்கு இல்லை. ராஜராஜன் காலம் பொற்காலம் என்று சொல்ல இதை எழுதவில்லை; அந்த வேலைக்கு நம் ஊரில் ஆள் ஏராளம். பெயர் இல்லாத இடம்தான் நாவலாசிரியரின் நிலம் என்பதற்காகச் சொல்கிறேன். புறம்போக்கு மாதிரி. பட்டா யாருக்கும் இல்லை, நீங்கள் உழலாம்.

மலைக்குப் போனாலும் இதே கதைதான். 1922 ஜூன் 7 அன்று எவரெஸ்ட் சரிவில் பனி சரிந்து ஏழு சுமைதூக்கிகள் செத்தார்கள். அந்தப் பயணத்திலும் மாலரி இருந்தார். மாலரியைத் தெரிந்த அளவுக்கு அந்த ஏழு பேரில் ஒருவரையாவது நமக்குத் தெரியுமா? நீங்கள் 1924ஐ எழுதப் போவதாகச் சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான். மாலரி ஏறினாரா இல்லையா என்று இங்கிலாந்தில் அலமாரி அலமாரியாக எழுதிவிட்டார்கள். அதில் உங்கள் புத்தகம் இன்னொன்றாகப் போய் நிற்பானேன்? திருவாரூர் ஆழித்தேரின் வடத்தைப் பிடித்த கை உங்களுடையது. உருளும் சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டை போடுகிறவன் எந்த நொடியில் கையை இழுத்துக்கொள்வான், அப்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் நீங்கள். பாரமும் கயிறும் ஆளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

நாயகன் வேண்டுமென்றால் இன்னொருவரையும் சொல்கிறேன். சையத் மீர் மொஹ்சின் உசேன், ஆற்காட்டுக்காரர். எவரெஸ்டின் காலத்தில் அளவைக் கருவிகளைப் பழுதுபார்த்தவர். சீமையிலிருந்து வந்த கருவி நிபுணருக்குப் பின் அந்த வேலையை ஏற்றவர். ஆற்காட்டிலிருந்து கிளம்பி இமயத்தடி வரை போன ஒரு தமிழ்நாட்டுக் கைவினைஞர்! இவரைப் பற்றித் தமிழில் ஒரு நாவல் வந்து நான் பார்த்ததில்லை. ஆதித்த கரிகாலனை யார் கொன்றார் என்று மட்டும் வருஷத்துக்கு நாலு வருகிறது.

கல்கியைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். புத்தமங்கலத்துக்காரர், நம்மவர். 1950இலிருந்து 1954 வரை வாரம் தவறாமல் 'பொன்னியின் செல்வ'னை எழுதி, வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவனை நிறுத்தியபோது, தமிழ் வாசகனை ஒரு நிலத்துக்குள் நடக்க வைத்தார். நாம் அவரிடமிருந்து நிலத்தை எடுத்துக்கொள்ளாமல் ராஜகுமாரிகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்' எழுத ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை எடுத்துவைத்து உட்கார்ந்தார். 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் தெருவும் வியாபாரமும் வம்பும் அதில் வந்தன. 1808க்கு நீங்கள் போனால் உங்களுக்கும் அப்படிக் காகிதம் உண்டு. ஃபில்லிமோர் தொகுத்த இந்திய அளவைத் துறை வரலாற்றின் இரண்டாம் பாகம் லாம்ப்டன் காலத்துக்குரியது. சரசுவதி மகாலில் மோடி எழுத்தில் மராத்தியர் காலக் காகிதங்கள் இருக்கின்றன. கோயில் மதில் பக்கம் போனால் 1803இல் சரபோஜி வெட்டுவித்த போன்ஸ்லே வம்ச சரித்திரம் இருக்கிறது. சொந்தச் செலவில், சொந்தக் குடும்ப வரலாற்றை, யாருக்கும் கழிவு தராமல், கல்லிலேயே வெளியிட்டுவிட்டார் மகாராஜா. நம் ஊரின் மிகப் பெரிய சுயபதிப்பாளர் அவர்தான் என்று வேடிக்கையாகச் சொல்வேன். கயிறு அறுந்தபோது அந்த எழுத்து வெட்டி ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது.

அதே காலத்தில் நடக்கும் என் நாவலில் நான் விழுந்த குழியைச் சொல்லிவிடுகிறேன். கூடாரத்துக்குள் என் நாயகன் தீக்குச்சி கிழித்து விளக்கேற்றினான். உரசினால் பற்றும் தீக்குச்சி வந்ததே 1820களின் பின்பாதியில். இன்னோர் இடத்தில் ஒரு மிராசுதார் காலையில் காபி குடித்தார். வயலில் பொன்னி நெல் விளைந்தது. அது 1980களின் ரகம். எல்லாவற்றையும்விட மோசம், "மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லை" என்பதற்குச் சமமான ஒரு கவலையை ஒரு விவசாயி வாயில் வைத்திருந்தேன். அணை வந்தது 1934இல். 1808இல் அவர் கவலை வேறு. காவிரிப் படுகை மேடிட்டு, தண்ணீர் கொள்ளிடத்தில் போய்க்கொண்டிருந்தது. 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியதே அதற்காகத்தான். இந்தப் பிழையைக் காட்டியது பேராசிரியர் யாரும் இல்லை. என் சித்தப்பா, எட்டாம் வகுப்பு. "ஏம்ப்பா, மேட்டூரே இல்லாத காலத்துல இந்த ஆள் எதுக்கு இப்படி அழுவுறான்?" என்று கேட்டார். புத்தகம் அச்சாகி வந்து மூன்றாம் நாள்.

அளவையில் ஒரு முக்கோணத்தின் மூன்று கோணத்தையும் தனித்தனியே எடுத்துக் கூட்டிப் பார்ப்போம். கணக்கு உட்காரவில்லை என்றால் மறுபடி போய் நிற்க வேண்டியதுதான். கைப்பிரதிக்கும் மூன்று பேரைப் பிடியுங்கள். விஷயம் தெரிந்த ஒருவர், மண் தெரிந்த ஒருவர், இரண்டும் தெரியாமல் கதை மட்டும் கேட்கும் ஒருவர். மூவரும் மூன்று நாள் உட்கார்ந்தால் போதும். சொந்தமாக வெளியிடுகிறவனுக்குப் பதிப்பாசிரியர் கிடையாது. நம்மைத் தடுக்க ஆள் இல்லை என்பதுதான் நமக்கிருக்கும் சுகமும் ஆபத்தும்.

கோயிலைப் பற்றிய கதைகள் உங்களை இழுக்கும். விமான நிழல் தரையில் விழாது, உச்சிக்கல் எண்பது டன் ஒரே கல், சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள், வடபக்கம் இருக்கும் தொப்பிக்காரர் இன்னார். நிழல் விழுகிறது, போய்ப் பாருங்கள். ஆனால் 1808இல் கயிறு இழுக்கும் ஒருவன் இன்னொருவனிடம், "அந்தக் காலத்துல சாரப்பள்ளத்திலேருந்து கல்லையே ஏத்துனாங்க, இந்தப் பித்தளைக்கு என்னடா" என்று சொல்லலாம். தாராளமாகச் சொல்லலாம், எவ்வளவு அழகாக இருக்கிறது! கதாபாத்திரம் நம்பலாம், கதைசொல்லி நம்பக் கூடாது. சிக்தார் ஓடிவந்து "உலகத்திலேயே உயரமான மலையைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்று வாவிடம் மூச்சிரைக்கச் சொன்னார் என்று ஒரு காட்சி சுற்றுகிறது. அப்போது அவர் கல்கத்தாவில், வா டேராடூனில். ஓடியிருந்தால் வெகுநாள் ஓடியிருக்க வேண்டும். கடைசியில் இரண்டு பக்கம் பின்னுரை போட்டு, எது காகிதம் சொன்னது, எது நீங்கள் கட்டியது என்று பிரித்துவிடுங்கள். வாசகன் அதற்காக உங்களை மதிப்பான்.

இனி காசுப் பேச்சு. சொந்தமாகப் புத்தகம் போடுவது கௌரவக் குறைச்சல் என்று யாராவது சொன்னால், கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே, ஊர் ஊராகக் கையொப்பம் சேர்த்து, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையரைச் சொல்லுங்கள். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் இசை நூலை இதே தஞ்சாவூரில் தாமே வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரைச் சொல்லுங்கள். பிறகு பேச்சு வராது. கையொப்பம் என்பதைத்தான் இப்போது முன்பதிவு என்கிறோம். நூறு பேர் முன்பணம் கட்டினால் அச்சுக் கூலி வந்துவிடும். வராவிட்டால் அந்தப் புத்தகத்துக்கு நூறு பேர் இல்லை என்று அச்சடிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும், அதுவும் லாபம்தான்.

நான் 500 பிரதி போட்டேன். அச்சகக்காரர், "500க்கும் ஆயிரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை சார்" என்றபோது ஆயிரத்துக்கு ஆசைப்படாததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். ஐப்பசி மழையில் பரண் ஒழுகி அடிக்கட்டு நனைந்தது. இப்போது தேவைக்கேற்ப ஐம்பது, நூறு என்று அடித்துத் தருகிறார்கள். ஒரு பிரதிக்குக் கூலி கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் கரையானுக்குப் பங்கு இல்லை. பக்கங்களைப் பதினாறின் மடங்கில் முடித்துக்கொள்ளுங்கள். ஒரு பாரத்தில் நாலு பக்கம் வெள்ளையாகப் போவதற்குப் பதில் ஒரு நல்ல வரைபடம் போடலாம். இந்த நாவலுக்கு வரைபடம் அவசியம். முக்கோணங்களைப் பார்க்காமல் வாசகனுக்குப் புரியாது. விநியோகஸ்தருக்கும் கடைக்குமான கழிவை முதலிலேயே கழித்துவிட்டு விலை வையுங்கள். நான் அதை மறந்ததால், கடையில் விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் கைக்காசு போனது. ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு இந்தியாவில் கட்டணம் கிடையாது; வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமரா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டியது பதிப்பாளர் கடமை. பதிப்பாளர் நீங்கள்தான். என் பரணில் இருப்பது போனாலும் அங்கே ஒன்று இருக்கும் என்பது எனக்கு ராத்திரித் தூக்கம்.

மின்நூலாகவும் போடுங்கள், ஆனால் அதைப் பற்றிச் சொல்ல என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்குப் பெரிய கோயிலில், தென்புறத்துப் புல்தரையில் இருப்பேன். அறுபது அடி தாம்புக்கயிறும் பழைய அளவைப் புத்தகம் ஒன்றும் கொண்டுவருகிறேன். எந்தப் பக்கத்திலிருந்து ஏற்றியிருப்பார்கள், விலக்குக் கயிற்றைப் பிடித்தவன் எங்கே நின்றிருப்பான், அறுந்த நொடியில் அவன் எந்தப் பக்கம் விழுந்திருப்பான் என்று நடந்து பார்க்கலாம். கயிற்றை உள்ளே விடமாட்டேன் என்று வாசல் காவலர் சொன்னால், உங்களில் ஒருவர் அவரிடம் பேசிக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

அன்புடன்,
பழைய செயின்காரன்